உபதேசம் தோற்ற இடத்தில்

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தின் இறுதியில் இரண்டு குறட்பாக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. குடித்து மயங்கியவனுக்குக் காரணங்களை எடுத்துக் கூறித் தெளிவிக்க முயல்வது, நீரில் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவது போன்றது என்று முதலாவது குறள் சொல்கிறது. அறிவுரை என்னும் வெளிச்சம் அவனைச் சென்று சேருமுன்பே நீர் பட்டு அணைந்துவிடுகிறது. குடிக்காமல் தெளிவோடிருக்கும் வேளையில் வேறொரு குடிகாரனைக் காண்பவன், குடித்தபோது தானும் இப்படித்தானே சோர்ந்து கிடந்திருப்போம் என்று எண்ண மாட்டானா என்று இரண்டாவது குறள் கேட்கிறது. அத்துடன் அதிகாரம் முடிகிறது.

இந்தக் கடைசிக் குறளைப் பழிப்புரையாகவே படிப்பது வழக்கம். ஆனால் முந்தைய குறளோடு சேர்த்துப் படித்தால் வேறொரு பொருளும் புலப்படும். பிறர் சொல்லித் திருந்தாதவன் எதைக் கண்டு திருந்துவான்? தன்னைப் போன்ற மற்றொருவனைக் கண்டே திருந்துவான். ஆசான் கைவிட்ட இடத்தில் கண்ணாடி உதவுகிறது.

முதற்குறளின் உண்மையைக் குடிநோய் புகுந்த இல்லங்கள் நன்கு அறியும். தாய் அழுது பார்த்திருப்பாள். மனைவி பிள்ளைகளின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருப்பாள். மாமனார் பெரியவர்களை அழைத்துப் பேசியிருப்பார். மறுநாள் காலையில் அவரும் மனமார வருந்துவார். அந்த வருத்தம் பொய்யன்று. மாலையில் தோற்பதும் பொய்யன்று. இரண்டுக்கும் இடையே உள்ள சில மணி நேரத்தில் என்ன நிகழ்கிறது என்பது, அந்த மணி நேரங்களைக் கடந்து வந்த ஒருவருக்கே விளங்கும்.

வள்ளுவரின் இரண்டாவது குறளை வாழ்ந்து காட்டியது போன்ற ஒரு நிகழ்ச்சி 1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் நடந்தது.

நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் ஒரு வணிக முயற்சிக்காக அங்கு வந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 39. பல ஆண்டுகள் குடியால் சீரழிந்து, மருத்துவமனையில் நான்குமுறை சேர்க்கப்பட்டு, முந்தைய டிசம்பரில்தான் குடியை நிறுத்தியிருந்தார். நிறுத்திய நாள் முதல் அவர் சும்மா இருக்கவில்லை. காணும் குடிகாரர்களுக்கெல்லாம் தாம் பெற்ற ஆன்மிக அனுபவத்தை ஆவேசத்தோடு உபதேசித்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. இதைச் சொல்லி அவர் சோர்ந்தபோது அவருடைய மனைவி லோயிஸ், 'நீங்கள் மட்டும் குடிக்காமல் இருக்கிறீர்களே' என்ற கருத்தில் பதில் சொன்னாராம். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் சில்க்வர்த்தும் உபதேசத்தைக் குறைத்து, நோயின் கடுமையைச் சொல்லும்படி அறிவுறுத்தினார்.

ஆக்ரனில் வணிக முயற்சி தோல்வியடைந்தது. உடன் வந்தவர்கள் திரும்பிவிட்டனர். மேஃப்ளவர் என்ற விடுதியின் முன்கூடத்தில், சனிக்கிழமை மாலை, அவர் தனியே நின்றார். கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். அங்கிருந்து சிரிப்பொலி வந்துகொண்டிருந்தது. மற்றொரு பக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் முகவரிப் பட்டியலும் இருந்தன. ஒரே ஒரு கோப்பை குடித்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அந்த நொடியில் அவருக்கு ஒன்று விளங்கியது: இத்தனை மாதங்கள் தன்னைக் காத்தது தன் உபதேசமன்று, துன்புறும் மற்றொரு குடிகாரனோடு பேசிக்கொண்டிருந்ததே காத்தது. இப்போது தனக்கு ஒரு குடிகாரன் தேவை. அந்த மனிதனுக்கு உதவுவதற்காக அன்று; தான் பிழைப்பதற்காக.

பட்டியலிலிருந்த பாதிரியார் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் மூலம் சிலரை அழைத்து, இறுதியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார். அவருக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவர் குடியால் அழிந்துகொண்டிருந்தார். பெயர் பாப் ஸ்மித், வயது 55. மறுநாள், அன்னையர் தினமான மே 12 அன்று, மாலை ஐந்து மணிக்குச் சந்திப்பு நடந்தது. பதினைந்து நிமிடங்களுக்குமேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் டாக்டர் பாப் வந்தார். இரவு பதினொரு மணிக்குமேல்தான் எழுந்தார்.

பில் இம்முறை உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். ஒளித்து வைத்த புட்டிகள், மீறிய சத்தியங்கள், விடிகாலை நடுக்கம் அனைத்தையும் சொன்னார். டாக்டர் பாப் அதற்கு முன் ஏராளமானோரிடம் அறிவுரை கேட்டவர். நூல்கள் பல கற்றவர். பிரார்த்தனைக் குழுவிலும் சேர்ந்திருந்தவர். ஆயினும் குடியைப் பற்றித் தன் அனுபவத்தால் அறிந்து தன்னிடம் பேசிய முதல் மனிதர் பில்தான் என்று பின்னாளில் அவர் எழுதினார். இடையில் ஒருமுறை தவறி விழுந்தார். பின் எழுந்தவர் இறுதிவரை குடிக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கருதப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', அதாவது பெயர் சொல்லாத குடிநோயாளிகளின் தோழமை, தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. அத்தோழமை இன்று சுமார் 180 நாடுகளில் பரவியிருக்கிறது. இந்தியாவில் அது 1957இல் தொடங்கியது.

இதைப் படிக்கும் ஆன்மிக அன்பர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரலாம்: சத்சங்கம். நாரத பக்தி சூத்திரம் தீய சேர்க்கையைப் பற்றிப் பேசுமிடத்தில், காமம் குரோதம் முதலியவை முதலில் சிற்றலைகளாகவே எழுகின்றன, சேர்க்கையால்தான் அவை கடலாகின்றன என்கிறது. குடியும் அவ்வாறே தொடங்குகிறது. முதற்கோப்பையைத் தனியே குடித்தவர் அரிது. நண்பர் ஒருவர் ஊற்றிக்கொடுத்ததே பெரும்பாலோரின் கதை. சேர்க்கையால் பெருகியது சேர்க்கையால்தான் வடிய வேண்டும்.

நம் நாட்டு வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. கார்த்திகை பிறந்ததும் மாலை அணிந்து 41 நாள் விரதம் இருக்கும் ஐயப்ப பக்தர்களுள், ஆண்டு முழுவதும் குடித்தவர் எத்தனை பேர்! மாலை அணிந்த அன்றே நிறுத்திவிடுகிறார்கள். மலையிறங்கி மாலையைக் கழற்றிய சில நாட்களில் பலர் பழைய இடத்துக்கே திரும்புவதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 'பக்தி போலி' என்று இதை எள்ளி நகையாடுவோர் உண்டு. அது சரியன்று. அந்த 41 நாட்களும் அவரைத் தாங்கியவை எவை என்று பார்க்க வேண்டும். அதிகாலை நீராடல், அன்றாட பஜனை, வழிகாட்டக் குருசாமி, தன்னைப் போலவே விரதமிருக்கும் பத்துப் பேர், சிறு குழந்தையும் 'சாமி' என்று அழைக்கும் மரியாதை. மாலை கழன்றதும் இவை அனைத்தும் ஒரே நாளில் கலைந்துவிடுகின்றன. பழைய நண்பர்கள் மட்டும் அதே தெருமுனையில் காத்திருக்கிறார்கள். பக்தி அங்கே குறைந்துவிடவில்லை, கூட்டம் கலைந்துவிட்டது. 42ஆம் நாளும் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

கர்நாடகத்தில் இந்த 42ஆம் நாளைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்து நடத்தப்படும் பணி ஒன்று உள்ளது. ஸ்ரீ க்ஷேத்ர தர்மஸ்தலா கிராம அபிவிருத்தித் திட்டத்தின் ஜன ஜாக்ருதி இயக்கம் ஊர் ஊராக மதுவிலக்கு முகாம்களை நடத்திவருகிறது. கோயில் மண்டபத்திலோ கல்யாண மண்டபத்திலோ குடிநோயாளிகள் சுமார் ஒரு வாரம் ஒன்றாகத் தங்குகிறார்கள். யோகம், பஜனை, மருத்துவ உதவி, ஆலோசனை எல்லாம் உண்டு. ஆனால் முகாமைவிடச் சிறப்பானது அதற்குப் பின் வருவது. குடியை விட்டவர்கள் 'நவஜீவன சமிதி' என்ற குழுக்களாகத் தங்கள் ஊரிலேயே தொடர்ந்து கூடுகிறார்கள். தமிழகத்தில் இதற்கு இணையாகச் சென்னை டி.டி.கே. மருத்துவமனையைச் சொல்லலாம். குடிநோய்க்குத் தம் கணவர் டி.டி. ரங்கநாதனைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்தையே தொண்டாக மாற்றி 1980இல் தொடங்கிய அமைப்பு அது. கும்பகோணத்தை அடுத்த மஞ்சக்குடி கிராமத்தில் அவர்கள் நடத்திய முகாம், கிராமமே ஒன்றுகூடித் தன் குடிநோயாளிகளைத் தாங்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மத்திய அரசு 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கர்நாடக அரசு 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. சட்டம் ஒரு கடையின் கதவை மூடலாம். தாகத்தின் கதவு உள்ளிருந்து மூடப்பட வேண்டியது.

இனி மைசூருவுக்கு வருவோம். அரண்மனையும் தசராவும் பட்டும் சந்தனமும் நினைவுக்கு வரும் அந்நகரில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவருகிறார்கள். அவர்களுள் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஐம்பதைக் கடந்தவர், பணிமனை ஒன்றில் வேலை, இரண்டு பெண்களுக்குத் தந்தை. நேற்றிரவு மீண்டும் குடித்துவிட்டார். இன்று காலை மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் எல்லா ஏச்சையும்விட அவரை அதிகமாகச் சுட்டுவிட்டது. 'எங்காவது போய்ச் சேர வேண்டும்' என்று எண்ணுகிறார். எங்கே போவது?

முதலில் மருத்துவரிடம். இதை ஆன்மிகப் பத்திரிகை சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் ஓரிரு நாட்களில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் மனம் குழம்பி, இல்லாத உருவங்களைக் காணும் நிலையும் ஏற்படலாம். அது உயிருக்கே ஆபத்தானது. மனவுறுதியால் இதை வெல்வேன் என்று கதவைத் தாழிட்டுக்கொள்வது வைராக்கியமன்று. மைசூருவில் கே.ஆர். மருத்துவமனை, ஜே.எஸ்.எஸ். மருத்துவமனை போன்றவற்றில் மனநல மருத்துவப் பிரிவுகள் உள்ளன. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கான 14446 என்ற தேசியத் தொலைபேசி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சக நோயாளிகளின் கூட்டம் எங்கே, எந்தக் கிழமையில் நடக்கிறது என்பதை மருத்துவமனையின் ஆலோசகரிடமே கேட்கலாம். தோழமையின் இந்திய உதவித் தொலைபேசிகளிலும் கேட்கலாம். அங்கே பேசுபவரும் பெரும்பாலும் ஒரு முன்னாள் குடிநோயாளியாகவே இருப்பார். உணவில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகளை விளம்பரத்தில் கண்டு வாங்கும் வீடுகளும் உண்டு. அவற்றில் என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. உயிருக்கே தீங்காக முடியலாம்.

கூட்டம் நடக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் போகவில்லை. ஒரு வாரம் கழிகிறது. தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால்?

இந்த அச்சம் மிக இயல்பானது. மதுக்கடை வாசலில் நிற்கும்போது வராத வெட்கம், மீளும் வாசலில் நிற்கும்போது வருகிறது. மனம் செய்யும் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் ஒன்றை அவர் எண்ணிப் பார்க்கலாம். தெரிந்தவர் ஒருவர் அந்த அறைக்குள் அமர்ந்திருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் அமர்ந்திருப்பார். அங்கே வருகைப் பதிவேடு இல்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அத்தோழமையின் உயிர்நாடி. உறுப்பினராவதற்கு வேண்டிய ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டுமென்ற விருப்பம். கட்டணமும் இல்லை, உறுப்பினர்கள் தங்களுக்குள் இயன்றதை இட்டு அறை வாடகைக்கும் தேநீருக்கும் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியார் நன்கொடையைப் பெறுவதில்லை. தொடக்க காலத்தில் பெருஞ்செல்வர் ராக்ஃபெல்லரிடம் பொருளுதவி கேட்டபோது, பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் தயங்கினார். சில ஆண்டுகளில் தோழமையும் அதையே தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. நம் அமைப்புகள் பலவும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி.

அடுத்த தயக்கம் சுவரைப் பற்றியது. இக்கூட்டங்கள் பல ஊர்களில் தேவாலயத்தின் பக்கத்து அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கின்றன. சுவரில் சிலுவையைக் கண்டதும் 'இது மதம் மாற்றும் இடமோ' என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தோழமை ஒரு கிறிஸ்தவப் பிரார்த்தனை இயக்கத்தின் மடியில் பிறந்தது என்பது உண்மையே. 1930களின் இறுதியிலேயே அது தனித்து வந்துவிட்டது என்பதும் உண்மை. 1939இல் அவர்கள் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு படிகளை வகுத்தபோது, இறை நம்பிக்கையற்ற உறுப்பினர்களின் வற்புறுத்தலால், கடவுள் என்ற சொல்லை ஒவ்வொருவரும் தாம் உணர்ந்தபடி கொள்ளலாம் என்று எழுதினார்கள். இஷ்ட தெய்வம் என்ற கருத்தில் வளர்ந்த நமக்கு இதில் இடர் ஒன்றும் இல்லை. ஒருவர் சாமுண்டேசுவரியை எண்ணலாம். மற்றொருவர் முருகனை எண்ணலாம். தெய்வமே வேண்டாமென்பவர் அந்தக் கூட்டத்தையே தன்னினும் பெரிய சக்தியாகக் கொள்ளலாம். அதுவும் ஒவ்வாதவர்களுக்கு 1994 முதல் இயங்கும் 'ஸ்மார்ட் ரிகவரி' போன்ற சமயச் சார்பற்ற கூட்டங்களும் உலகில் உண்டு.

மொழி இன்னொரு தடை; இதுவே உண்மையான தடை எனலாம். மைசூருவில் கூட்டம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கக்கூடும். நம் பணிமனைத் தமிழருக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். தேவராஜ மார்க்கெட்டில் பேரம் பேசுவார், மேலதிகாரியோடு வாதாடுவார். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்த கதையை எந்த மொழியில் சொல்வது? வெட்கம் தாய்மொழியில்தான் வாய் திறக்கும். 2020க்குப் பின் கைபேசி வழியாகவும் கூட்டங்கள் பெருகியுள்ளன. வேறு நகரங்களில் தமிழில் பேசுவோரின் கூட்டங்களையும் அவ்வாறு தேடிச் சேரலாம். அது நல்ல துணை. ஆயினும் கைபேசியை ஒரு விரலால் அணைத்துவிட முடியும். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதரை அப்படி அணைக்க முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்வதே நலம். முதல் சில வாரங்கள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். எவரும் பேசும்படி வற்புறுத்துவதில்லை.

ஒருவழியாக அவர் போகிறார். முதற்கூட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை.

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். 'போய்ப் பார்த்தேன், எனக்குச் சரிப்படவில்லை' என்ற சொல்லைச் சொல்ல மனம் முதலிலிருந்தே காத்துக்கொண்டிருந்தது. கூட்டங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை அறிந்தவர் அவ்வளவு எளிதில் கைவிடமாட்டார். ஒன்றில் முதியவர் மிகுதி, மற்றொன்றில் இளைஞர். ஒன்றில் படிகளை ஆழ்ந்து பேசுவார்கள். மற்றொன்றில் அனுபவக் கதைகளே நிறைந்திருக்கும். குடிநோயாளிகள் மட்டுமே கலந்துகொள்ளும் மூடிய கூட்டங்கள் உண்டு. குடும்பத்தாரும் மருத்துவரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. மனைவியோடு முதலில் ஒரு திறந்த கூட்டத்துக்குப் போவது பலருக்கு எளிதாக இருக்கும். பெண்களிலும் குடிநோயாளிகள் உண்டு என்பதைச் சமூகம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஆண்கள் நிறைந்த அறையில் தனியே அமர நேரும் பெண்ணின் துயரம் இரட்டிப்பானது. அவர்கள் பெண்களுக்கென நடக்கும் கூட்டத்தை, தொலைவிலிருந்தாலும் கைபேசி வழியாகவேனும், கேட்டுத் தேடுவதே தகும்.

ஏற்ற கூட்டம் எது என்று எப்படி அறிவது? வசதியான கூட்டம் என்று பொருளில்லை. அங்கே யாரோ ஒருவர் பேசும்போது 'இவர் என் கதையைச் சொல்கிறாரே' என்று நெஞ்சு திடுக்கிடுகிறதா என்பதே அளவுகோல். அந்தத் திடுக்கிடல்தான் வள்ளுவர் கேட்ட கேள்விக்கு விடை. மாறாக, கூட்டத்தில் ஒருவரே குருவாக அமர்ந்து கட்டளையிட்டாலும், பணம் கேட்டாலும், மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னாலும், ஒருவரின் கதையைப் பிறரிடம் கேலியாகப் பேசினாலும், அந்த இடத்தை விட்டு வேறு கூட்டம் தேடுவதில் குற்றமில்லை. கூட்டத்தை மாற்றலாம். கூட்டத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தலாகாது.

இது வெறும் நம்பிக்கையா என்று கேட்போருக்கு ஆய்வும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் ஆராய்ந்தது. முற்றிலும் குடிக்காமல் நிலைத்திருப்பதில், இத்தோழமைக்கு முறையாக வழிகாட்டி அனுப்பப்பட்டவர்கள் பிற சிகிச்சை முறைகளில் இருந்தவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை, பல நேரங்களில் மேம்பட்டிருந்தார்கள் என்று அது கண்டது. ஆனால் நம் நாட்டு நிலை வேறு வகையில் கவலை தருகிறது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி குடியால் ஏற்பட்ட பிரச்சினைகளுக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார். மற்ற 37 பேரும் இன்னும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

அக்கதவுகளுக்குப் பின்னால் அவர்கள் மட்டுமா? மனைவி, தாய், பிள்ளைகள் எல்லோரும் உடன் அடைபட்டிருக்கிறார்கள். பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்கென 'அல்-அனான்' என்ற தனித் தோழமை உருவாகக் காரணமாக இருந்தார். கணவன் குடித்தாலும் நிறுத்தினாலும் மனைவி அங்கே செல்லலாம். புட்டிகளைத் தேடி ஒளிப்பது, அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, கடன்காரனைச் சமாளிப்பது என்றே ஆண்டுகளைக் கழித்தவள், தான் இதற்குக் காரணமல்ல என்பதை வேறொரு மனைவியின் வாயால் முதன்முறையாகக் கேட்கிறாள். ஆறு கூட்டங்களாவது வந்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள் என்று அங்கே சொல்லும் வழக்கம் உண்டு. கணவன் போக மறுக்கும் வீட்டில் மனைவி முதலில் போவதே நல்ல தொடக்கமாக அமைவதுண்டு.

பரமஹம்சர் ஸ்ரீ ராமகிருஷ்ணரிடம் வந்த இல்லற அடியார்களுள் சுரேந்திரநாத் மித்ரர் குடிப்பழக்கம் உள்ளவர். அவரை ஸ்ரீ ராமகிருஷ்ணர் கடிந்து விரட்டவில்லை. குடிக்குமுன் அதை அன்னைக்கு நிவேதனம் செய்யும்படியும், அறிவு தடுமாறும் அளவுக்குச் செல்லாதபடியும் சொன்னார். நாளடைவில் சுரேந்திரரின் மனம் அன்னையை நோக்கித் திரும்பியது. இதைக் காட்டி 'கொஞ்சம் குடிக்கலாம்' என்று வாதிடுவோரும் உள்ளனர். அது ஒரு குரு ஒரு சீடருக்கு, அவர் உள்ளத்தைக் கண்டு சொன்னது. குடிநோய் முற்றியவருக்கு முதற்கோப்பையே கடைசிக் கோப்பைக்கு வழி. கவனிக்க வேண்டியது வேறொன்று. தட்சிணேசுவரத்து அறையின் வாசல், குடித்தவருக்கும் திறந்திருந்தது. கிரீஷ் சந்திர கோஷ் குடித்த நிலையிலேயே அங்கு வந்திருக்கிறார். நம் கோயில்களிலும் ஆசிரமங்களிலும் பஜனை மண்டபங்களிலும் ஒருவர் 'நான் குடிநோயாளி, உதவுங்கள்' என்று சொல்லும் சூழல் இன்று இருக்கிறதா? இருந்திருந்தால் அவர் பக்கத்து அறையைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. போனதும் நல்லதே.

மனநல அறிஞர் கார்ல் யுங் தம் வாழ்வின் இறுதி ஆண்டான 1961இல் பில்லுக்கு எழுதிய கடிதத்தில், தாம் முன்பு சிகிச்சை அளித்த ஒரு குடிநோயாளியைப் பற்றிக் குறிப்பிட்டார். அம்மனிதரின் மதுத்தாகம், முழுமைக்காக ஆன்மா கொள்ளும் தாகத்தின் தாழ்ந்த வடிவமே என்று அவர் கருதினார். லத்தீன் மொழியில் மதுவுக்கும் உயர்ந்த ஆன்மிக அனுபவத்துக்கும் ஒரே சொல் வழங்குவதையும் சுட்டினார். தாகம் குற்றமன்று, அதைத் தணிக்கப் போன இடமே தவறு. இக்கருத்தை வேதாந்தம் பயின்றவர்கள் எளிதில் ஏற்பார்கள்.

மைசூருவின் சாமுண்டி மலைக்கு வாகனச் சாலை உண்டு. ஆயிரம் படிகளும் உண்டு. வேண்டுதல் உடையவர்கள் படிவழியே ஏறுவார்கள். ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறும் பெண்களைக் காணலாம். குனிந்திருப்பவருக்கு மலையுச்சி கண்ணில் படாது. கைக்கெட்டும் படி மட்டுமே தெரியும். பாதிக்கு மேல் ஏறியபின் பெரிய நந்தியின் நிழலில் சற்று அமர்ந்து, அடுத்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மீண்டும் தொடர்வார்கள். 'இனி வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன்' என்று இத்தோழமையில் எவரும் சபதம் செய்யச் சொல்வதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமலிருப்பது பற்றியே பேசுகிறார்கள். நாளைய படி நாளைக்கு.

டாக்டர் பாப் 1950இல் மறைந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடிநோயாளிகளுக்கு ஊதியமின்றி உதவினார் என்று அத்தோழமை நினைவுகூர்கிறது. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் தந்த காரணங்களுள் கடமையும் மகிழ்ச்சியும் இருந்தன. தனக்கு ஒருவர் செய்ததன் கடனும் இருந்தது. தான் மீண்டும் வழுக்கி விழாமலிருக்கத் தனக்கு அதுவே காப்பு என்பதும் இருந்தது.

ஆகவே நம் மைசூரு அன்பர் அந்த அறையின் வாசலில் தயங்கி நிற்கும்போது, உள்ளே இருப்பவர்கள் தனக்கு உதவத்தான் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். இருபது ஆண்டுகளாகக் குடிக்காத பெரியவர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வருகிறார். தேநீர்க் கோப்பையை நீட்டுகிறார். வாங்கும் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பெரியவர் ஒரு கணம் உற்றுப் பார்க்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப் போடுகிறார், தன் பக்கத்திலேயே.